தாயின் பெயரும் காலத்தின் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'பண்டை வரலாற்றில் பெண்டிர்' என்பது இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பு. இத் தலைப்பில் பேசுவோர் மைத்ரேயியில் தொடங்கி, ஔவையாரைத் தொட்டு, ஜான்சி இராணியில் முடிப்பது மரபு. கேட்போரும் கைதட்டி மகிழ்ந்து, இரவு உணவுக்கு எழுந்து விடுவர். அப் பட்டியலை நாமும் ஒரு முறை படிப்பதால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் பயனும் அதிகமில்லை. ஆகையால் வேறொரு வாயிலைத் திறந்து பார்க்க எண்ணுகிறோம். இப் பெண்டிர் எக்காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதை நாம் எங்ஙனம் அறிகிறோம்? ஓர் அரசி இத்தனையாம் ஆண்டில் வாழ்ந்தாள் என்று பள்ளிப் புத்தகம் எழுதுகிறதே, அந்த எண் எங்கிருந்து வந்தது? அவள் எழுதி வைத்தாளா? இல்லை. அவள் காலத்தில் நாம் வழங்கும் கிறிஸ்து ஆண்டு இந் நாட்டில் எவர்க்கும் தெரியாது.

ஆண்டைக் குறிக்கும் முறை நம் வீடுகளில் எப்படி இருந்தது என்பதை முதலில் நினைவு கூர்வோம். நம் பாட்டிமாரின் பாட்டிமார் தம் பிறந்த ஆண்டை எண்ணாற் சொன்னதில்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது கைக்குழந்தை என்பார்கள்; பெரும்புயல் அடித்த ஆண்டில் திருமணம் என்பார்கள். தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் இக் கணக்குப் பிழைப்பதில்லை. ஆனால் பஞ்சம் என்ற சொல்லை நீக்கிவிட்டுத் தாது வருஷம் என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? தாது 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் சுற்றி வரும். பாட்டியா, பேத்தியா என்பதே தெரியாமற் போகும். பெயரைப் பற்றிக் கொண்டு நிற்க ஒரு நிகழ்ச்சி வேண்டும். அந் நிகழ்ச்சியை வேறொருவர் வேறிடத்தில் குறித்திருக்கவும் வேண்டும். பண்டைக் கால ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு விதியின் விரிவே.

இனி அரசர்களின் முறை. அரசன் முடி சூடிய நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவர். அவன் மறைந்ததும் எண்ணிக்கை அழியும். அடுத்தவன் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவான். இதனை ஆட்சியாண்டு என்கிறோம். வாழ்வோர்க்கு இது போதும். ஆயிரம் ஆண்டு கழித்துப் பிறந்த நமக்குப் போதாது. இதற்கு மாறாக, அரசர் மாறினாலும் அறுபடாமல் ஓடும் ஆண்டு முறைகளும் இருந்தன. அவற்றைச் சகாப்தம் என்கிறோம். கி.மு. 57-இல் தொடங்கும் விக்கிரம சகாப்தம் ஒன்று, கி.பி. 78-இல் தொடங்கும் சக சகாப்தம் ஒன்று. பின்னது நமக்கு மிகவும் அறிமுகமானது. 1957 மார்ச்சு 22-ஆம் நாளைச் சகம் 1879 சைத்திரம் முதல் நாளாகக் கொண்டு இந்திய அரசே தன் தேசிய நாட்காட்டியை வகுத்தது.

இச் சக ஆண்டிற்கு நாம் குடியேறி வாழும் இம் மராட்டிய நாட்டிலும், நம் பஞ்சாங்கங்களிலும் 'சாலிவாகன சகாப்தம்' என்று பெயர். குடீ பாட்வா அன்று அண்டை வீட்டார் இனிப்புடன் வரும்போது சாலிவாகனனின் புத்தாண்டு என்றே வாழ்த்துவர். சாலிவாகனன் என்பது சாதவாகனன் என்ற குடிப்பெயரின் திரிபு. வேடிக்கை யாதெனில், சாதவாகன அரசர் எவரும் இச் சகாப்தத்தைத் தம் கல்வெட்டுக்களில் வழங்கியதில்லை. அவர்கள் ஆட்சியாண்டு மட்டுமே எழுதியவர்கள். இவ்வாண்டினை வழங்கியவர்கள் அவர்களோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட சக சத்திரபர்கள். பகைவர் இருவர் பெயரையும் ஒரே சொற்றொடரில் கட்டிப் போட்டது பிற்கால மக்களின் பெருந்தன்மை என்றுதான் கூற வேண்டும்.

இவ் விரு முறைகளுக்கும் இடையே சிக்கிக் கிடந்த தக்காணத்தின் காலக் கணக்கை அவிழ்ப்பதற்கு மூன்று பெண்டிர் முடிச்சுக்களாக விளங்குகிறார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம்.

புனாவுக்கு வடக்கே ஜுன்னரிலிருந்து கொங்கணக் கரைக்கு இறங்கும் கணவாய்க்கு நாணேகாட் என்று பெயர். துறைமுகங்களுக்குச் சரக்கு இறங்கிய பழைய வழி அது. வாயிலில் பெரியதொரு கல்தொட்டி இருக்கிறது. சுங்கக் காசு போடுவதற்கு என்று ஊரார் சொல்வர். அங்கே குடைந்த குகையொன்றில் அரச குடும்பத்தினரின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப் பெற்றிருந்தன. இன்று உருவங்கள் இல்லை; பாதங்களின் சுவடும், தலைக்கு மேலே எழுதிய பெயர்களும் மட்டும் எஞ்சியுள்ளன. குலமுதல்வன் சிமுக சாதவாகனன் பெயரை அடுத்து இருவர் பெயர் ஒருங்கே வருகிறது: தேவி நாயனிகையும் அரசன் ஸ்ரீ சாதகர்ணியும். அரசியின் பெயர் முன்னே, அரசன் பெயர் பின்னே. எழுதியவன் மறந்து எழுதினான் என்று எண்ண இடமில்லை. ஏனெனில் அக் குகைச் சுவர்களில் உள்ள நெடிய கல்வெட்டு ஓர் அரசியின் பெருமையைப் பேசுவதே ஆகும். சிதைவு மிகுந்த அக் கல்வெட்டில் அவள் வேதிஸ்ரீ என்பவனின் தாயாகக் குறிக்கப் பெறுகிறாள். இவளே நாகானிகை எனப்படும் நாயனிகை என்பது அறிஞர் துணிபு. அசுவமேதம் முதலான வேள்விகள் நடந்ததையும், பசுக்கள் ஆயிரக்கணக்கிலும் யானை, குதிரை, காசுகள் ஆகியனவும் தானமாகச் சென்றதையும் அது கணக்கோடு சொல்கிறது. கணக்கோடு என்பதை அழுத்திச் சொல்கிறோம். இந் நாட்டில் எண்களைக் குறியீடுகளாக எழுதியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் நாணேகாட் ஒன்று. நம் குழந்தைகள் எழுதும் எண்களின் முன்னோர் ஓர் அரசியின் தானக் கணக்கில் இருக்கிறார்கள்.

கைம்மை நோற்று, மாதம் முழுதும் உண்ணாநோன்பு இருந்து, வீட்டிலேயே தவம் செய்தவள் என்று அவளைக் கல்வெட்டுப் புகழ்கிறது. அதே நேரத்தில் கணவாயின் வாயிலில், வருவோர் போவோர் எல்லாம் காணும் இடத்தில், குடும்ப வரலாற்றைப் பொறித்து நிறுத்தவும் அவளால் முடிந்திருக்கிறது. இவ் விரண்டும் ஒருவரிடத்தே எங்ஙனம் பொருந்தின என்று வியப்பவர்கள் நம் வீட்டு முதிய அத்தைமார்களைப் பார்த்ததில்லை போலும். சாதகர்ணி, நாகானிகை இருவர் பெயரும் பொறித்த வெள்ளிக் காசுகளும் கிடைத்துள்ளன.

சரி, இவள் காலம் எது? கல்வெட்டில் நாம் பற்றிக் கொள்ளத்தக்க சகாப்தம் இல்லை. இங்கே உதவுவது எழுத்தின் வடிவம் ஒன்றே. அசோகனின் எழுத்துக்களைவிட இவை இளையவை, கி.பி. முதல் நூற்றாண்டின் எழுத்துக்களைவிட மூத்தவை. எனவே கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று முற்கால அறிஞர் சிலரும், கி.மு. முதல் நூற்றாண்டு என்று பின்னோர் பலரும் கூறினர். எழுத்தமைதி கொண்டு காலம் சொல்வது முகம் பார்த்து வயது சொல்வது போன்றது. இளைஞன், முதியவன் என்று பிரிக்கலாம்; நாற்பத்தொன்றா நாற்பத்தாறா என்று சொல்ல இயலாது.

அடுத்தவள் நாசிக்கில் இருக்கிறாள். திரியம்பகத்துக்கும் பஞ்சவடிக்கும் யாத்திரை போகும் நம்மவர் பலர் பாண்டவ லேணி மலைப் படிகளையும் ஏறி இறங்கியிருப்பர். ஆங்கு மூன்றாம் எண் குகையின் சுவரில் கௌதமி பாலஸ்ரீயின் கல்வெட்டு உள்ளது. வாசிஷ்டிபுத்திர புலுமாவியின் 19-ஆம் ஆட்சியாண்டு, கோடையின் இரண்டாம் பக்கம், பதின்மூன்றாம் நாள் என்று அது தொடங்கும். நாள் தெளிவு, பருவம் தெளிவு, ஆண்டு மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. புலுமாவி அவளுக்குப் பேரன். மகன் கௌதமிபுத்திர சாதகர்ணி. அவன் குதிரைகள் மூன்று கடல் நீரையும் பருகின என்றும், சகர், யவனர், பகலவரை அவன் அழித்தான் என்றும், க்ஷகராதர் குலத்தை வேரறுத்தான் என்றும், தாயின் சொல் தவறாமல் பணி செய்தான் என்றும் அக் கிழவி கல்லில் பாடி வைக்கிறாள். வெற்றிகளின் பெரும் பட்டியலுக்கு நடுவே தாய்க்குப் பணி செய்ததையும் ஒரு புகழாகச் சேர்த்தது மற்றெந்த அவைப் புலவனுக்கும் தோன்றியிராது. அம் மகன் பெயரால் நமக்கு இன்று கிடைக்கும் செய்திகளுள் பெரும்பகுதி அவள் எழுதுவித்தது.

அதே குகையில் மகனின் 24-ஆம் ஆட்சியாண்டுக் கட்டளையொன்றும் இருக்கிறது. அரசனும் அரச மாதாவும் சேர்ந்து அதிகாரிக்குப் பிறப்பித்தது. துறவியர்க்கு முன்பு கொடுத்த ககடி ஊர் நிலம் உழப்படாமற் கிடக்கிறது, ஊரிலும் குடியில்லை. எனவே நகர எல்லையில் உள்ள அரச நிலத்தில் நூறு நிவர்த்தனம் கொடுக்கிறோம் என்பது செய்தி. தானம் கொடுத்ததோடு நில்லாமல், கொடுத்த நிலம் விளைகிறதா என்று விசாரித்திருக்கிறார்கள். எமக்கு இதில் தாயின் கை தெரிகிறது. ஆனால் இது எம் ஊகம் மட்டுமே, சான்று அன்று.

காலக் கணக்குக்கு வருவோம். க்ஷகராதர் குலத்து அரசன் நகபானன். அவன் மருமகன் உசவதாதன் நாசிக் குகைகளில் பல தானங்கள் செய்தவன். மகள் தக்ஷமித்திரை தன் பெயரிலேயே அறையொன்று குடைவித்து அளித்தாள். அக் குடும்பத்தின் கல்வெட்டுக்களில் 41, 42, 45 என்று ஆண்டுகள் உள. ஜுன்னரில் அமைச்சனொருவனின் கல்வெட்டு 46 என்கிறது. 1906-இல் நாசிக்கு அருகே ஜோகல்தெம்பியில் ஒரு புதையல் வெளிப்பட்டது. நகபானனின் வெள்ளிக் காசுகள் 13,000-க்கு மேல். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு அளவில் கௌதமிபுத்திரன் தன் முத்திரையை மேலே அடித்திருந்தான். குலத்தை வேரறுத்தான் என்று தாய் சொன்னதற்கு இதனினும் உறுதியான சாட்சி வேண்டுமா? பகைவன் முகத்தின் மேலேயே தன் குறியை அடித்து அதே காசை மறுபடி செலவிட்டிருக்கிறான்!

இனி 46 என்பது சக ஆண்டாயின் அது கி.பி. 124 ஆகும். கௌதமிபுத்திரனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, முன்பு உசவதாதன் கையில் இருந்த வயலைத் தானம் செய்கிறது. ஆகவே வெற்றி அவ்வாண்டு வரையில் நிகழ்ந்திருக்க வேண்டும். அவன் முடி சூடியது ஏறத்தாழ 106, புலுமாவி ஏறியது ஏறத்தாழ 130, பாலஸ்ரீயின் கல்வெட்டு ஏறத்தாழ 149. கிரேக்க நிலநூலார் தாலமி, பைத்தானில் புலுமாவியையும் உஜ்ஜயினியில் சஷ்டனனையும் ஒரு காலத்தவராகக் குறிப்பிடுவது இதற்கு அரண். ஆனால் நகபானனின் ஆண்டுகள் அவனுடைய சொந்த ஆட்சியாண்டுகளே, சகம் அல்ல என்று கொள்வாரும் இன்று பலர். அவர்கள் கருத்துப்படி நகபானன் கி.பி. 78-ஐ ஒட்டி முடிந்தவன். பாலஸ்ரீயின் மகன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னே நகர்ந்து விடுகிறான். ஓர் எண்ணுக்கு முன்னால் 'சகம்' என்ற மூன்றெழுத்து இல்லாமற் போனதன் விளைவு இது.

பாலஸ்ரீ தன்னை மகாராசனின் தாய் என்றும் மகாராசனின் பாட்டி என்றும் ஒரே மூச்சில் சொல்கிறாள். இதைக் கொண்டு ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர், தந்தையும் மைந்தனும் ஒரே காலத்தில் அரசாண்டனர் என்று வாதித்தார். அப்படியாயின் இருவர் ஆட்சியாண்டுகளையும் கூட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். மகன் இறந்த பின்னும் தாய் தன்னை மகாராசனின் தாய் என்று சொல்லிக் கொள்ள மாட்டாளா என்று பிறர் மறுத்தனர். மறுத்தவர் கூற்றே நிலைத்தது. மகனை இழந்த எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் அவ் வழக்கு அன்றே முடிந்திருக்கும்.

இவ் வமிசத்தில் சாதகர்ணி என்ற பெயர் பலருக்கு உண்டு. கௌதமியின் மகன், வாசிஷ்டியின் மகன் என்று தாயின் குலப்பெயரால் வேறுபடுத்தியிராவிடில் ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரித்தறிவது அரிது. அரசுரிமை தந்தை வழியே சென்றது. அதனைத் தாய் வழி உரிமை என்று மயங்குதல் வேண்டா. ஆனால் பெயர் தாய் வழி வந்தது. அப் பெயரே இன்று வரிசையைக் காக்கிறது.

மூன்றாமவள் நம் அயல் வீட்டுக்காரி. விதர்ப்பத்தில் வாழும் நாம் அவளை அறியாமல் இருப்பது முறையன்று. நாகபுரியிலிருந்து இராம்டேக் செல்லும் வழியில் ஒதுங்கியிருக்கும் நகர்தன் என்னும் சிற்றூரே பண்டை நந்திவர்த்தனம், வாகாடகர்களின் தலைநகர். அங்கு ஆண்டவள் பிரபாவதி குப்தை.

அவள் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனுக்கும் நாக குலத்துக் குபேரநாகைக்கும் மகள். வாகாடக அரசன் இரண்டாம் உருத்திரசேனனுக்கு மனைவி. கணவன் இளமையில் மறைந்தான். பிள்ளைகள் சிறியவர்கள். ஆட்சியைத் தானே ஏற்றாள். இவற்றை நாம் அறிவது அவளே வெளியிட்ட செப்பேடுகளால். அவற்றுள் ஒன்று புனாச் செப்பேடு எனப்படும். புனாவில் கிடைத்ததால் வந்த பெயர், வெளியிட்ட இடம் நந்திவர்த்தனம். காசிநாத் பாபுஜி பாடக்கும், காசிநாத் நாராயண தீட்சிதரும் அதனைப் பதிப்பித்தனர். கார்த்திகை வளர்பிறைத் துவாதசியன்று, இறைவன் திருவடியில் நிவேதித்து, தங்குணம் என்னும் ஊரைச் சனாலசுவாமி என்னும் ஆசிரியருக்கு அளிக்கிறாள். முன்னாள் ஏகாதசி நோன்பிருந்து பாரணை செய்யும் நாள் அது. இம் மராட்டியத்தில் துளசிக் கலியாணம் தொடங்குவதும் அன்றே. அதன் முத்திரை, இவ்வாணை இளவரசனின் தாயினுடையது என்று சொல்கிறது. இறுதியில் ஆண்டு 13.

யாருடைய 13? இவ் வினாவை ஊன்றிக் கேட்க வேண்டும். கணவன் இறந்து விட்டான். இறந்தவனின் ஆட்சியாண்டு ஓடாது. மகன் திவாகரசேனன் இளவரசன் என்றே குறிக்கப் பெறுகிறான். முடி சூடாதவனுக்கு ஆட்சியாண்டு தொடங்காது. ஆகவே அந்தப் பதின்மூன்றும் அவள் பொறுப்பேற்று நடத்திய ஆண்டுகள். எழுதுவோன் அவள் பெயரை அரசப் பெயராக வைக்கத் துணியவில்லை. ஆயினும் ஆண்டை எண்ணாமல் இருக்கவும் அவனால் முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அரச வரிசைகளைப் பாருங்கள். உருத்திரசேனன், பிறகு பிரவரசேனன் என்று சில புத்தகங்கள் ஒரே தாவாகத் தாவி விடுகின்றன. பதின்மூன்று ஆண்டுக்குக் குறையாத காலம் அத் தாவலில் விழுந்து மறைகிறது. மரியாதைக் குறைவு ஒருபுறம் இருக்கட்டும், கூட்டலே தவறாகிறதே!

தந்தை வீட்டையும் அவள் மறக்கவில்லை. செப்பேட்டின் வமிசாவளி வாகாடகர்களைப் பாடாமல் குப்தர்களைப் பாடுகிறது. சமுத்திரகுப்தனையும் அவன் தாய் குமாரதேவியையும் பேர் சொல்லிக் கூறுகிறது. கோத்திரமும் தந்தையின் தாரண கோத்திரமே. திருமணமான பெண் புகுந்த வீட்டுக் கோத்திரம் சொல்வாள் என்பதே நாம் அறிந்த வழக்கம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன் ஓர் அரசி அப்படிச் சொல்லவில்லை. புனாச் செப்பேட்டின் எழுத்தும் வாகாடகர்க்கு உரிய பெட்டித்தலை எழுத்தன்று, ஆணித்தலை எழுத்து. பிறந்தகத்திலிருந்து எழுத்தனும் உடன் வந்தானோ என்று அறிஞர் ஐயுறுவர். நம் பெண்கள் புகுந்த வீட்டுக்கு வீணையும் அப்பளக் கட்டும் எடுத்துச் செல்வதில்லையா?

பிறந்தகப் பெருமை என்று நாம் நகைத்தாலும், வாகாடகர் வரலாறு முழுவதும் காலத்தில் நிற்பது அப் பெருமையின்மேல்தான். வாகாடகர் செப்பேடுகளில் ஆட்சியாண்டு அன்றிச் சகாப்தம் இல்லை. வாசிமுக்கு அருகே ஹிஸ்ஸே-போராலாவில் தேவசேனன் காலத்து ஏரிக் கல்வெட்டொன்று மட்டும் சகம் 380 என்கிறது. அதுவும் கிளை மரபைச் சார்ந்தது. மூத்த கிளைக்குக் காலம் சொல்ல வேண்டுமாயின் பிரபாவதியின் தந்தையைக் கேட்க வேண்டும். அவனோ தொடர் ஆண்டு எழுதியவன். மதுரா, உதயகிரி, சாஞ்சிக் கல்வெட்டுக்களில் 61, 82, 93 என்று குப்த ஆண்டுகள் உள்ளன. இனி, குப்த ஆண்டு எப்போது தொடங்கியது?

இதற்கு விடை தேடி அறிஞர் அரை நூற்றாண்டு மோதிக் கொண்டனர். 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, குப்த ஆண்டு சக ஆண்டுக்கு 241 ஆண்டு பிற்பட்டது என்று தெளிவாகவே சொன்னார். எழுபத்தெட்டும் இருநூற்று நாற்பத்தொன்றும் முந்நூற்றுப் பத்தொன்பது. ஆனால் கூடவே, குப்தர் கொடியவர், அவர்கள் ஒழிந்த நாளை மக்கள் ஆண்டுத் தொடக்கமாகக் கொண்டனர் என்று கேட்ட கதையையும் சேர்த்தெழுதினார். அக் கதையை நம்பிச் சிலர் குப்தர் ஆட்சியே 319-இல் முடிந்தது என்று கொண்டனர். முடிச்சை அவிழ்த்தது மந்தசோர்ப் பட்டு நெசவாளர் கல்வெட்டு. லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த நெசவாளர் தாம் புகுந்த ஊரில் கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர். குமாரகுப்தன் ஆளும்போது, மாளவ ஆண்டு 493-இல் என்று எழுதி வைத்தனர். மாளவ ஆண்டு என்பது விக்கிரம ஆண்டே. எனவே அது கி.பி. 436. குமாரகுப்தன் சந்திரகுப்தனின் மகன். அவனுடைய கல்வெட்டுக்கள் குப்த ஆண்டு 96 முதற் கிடைக்கின்றன. 319-ஐக் கூட்டினால் 415. 436 அவன் ஆட்சிக்குள் இனிது அடங்குகிறது. குப்தர் 319-இல் ஒழிந்திருந்தால் 436-இல் எப்படி ஆண்டனர்? ஃபிளீட் 1888-இல் இதனை நிலைநாட்டினார். குடிபெயர்ந்து சென்ற மக்கள் தம் தொழிலும் ஊரும் நினைவுற எழுதி வைத்த ஒரு கல், ஒரு பேரரசின் காலத்தையே காட்டியது. ஆண்டு மலர் வெளியிடும் நாமும் நாள், ஆண்டு பிழையின்றிப் போடுவது நல்லது.

இவ்வாறு தந்தையின் காலம் ஏறத்தாழ 376 முதல் 415 வரை என்று நிலைபெற, மகளின் காலமும் நிலைபெற்றது. மகளின் வழியே கணவன், மக்கள், அவர்களின் செப்பேடுகள் அனைத்தும் இடம் பெற்றன. ஒரு திருமணம் இரண்டு அரச வரிசைகளைக் கோத்த ஊசியாயிற்று.

அமராவதி மாவட்டத்து ரித்தபூர்ச் செப்பேடு அவள் முதுமையில் வந்தது; மகன் பிரவரசேனனின் 19-ஆம் ஆண்டு. அப்போது மகன் முழு அரசன். ஆயினும் தானம் அவளுடையது. அதில் நூறாண்டு, மக்கள், பேரர் என்ற சொற்கள் அடுக்கி வரும் ஒரு தொடர் உண்டு. நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தவள் என்று சிலர் பொருள் கொண்டனர். மக்களும் பேரரும் நூறாண்டு வாழ்க என்னும் வாழ்த்தே அது என்றனர் மற்றவர். தந்தையின் காலத்தோடு வைத்துப் பார்க்கையில் நூறாண்டு பொருந்தவில்லை. வாழ்த்தாகக் கொள்வதே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் இக் கதை உண்டு. செம்பியன் மாதேவியார் இளமையில் கணவர் கண்டராதித்தரை இழந்து, மகன் உத்தம சோழன் காலத்தையும் கடந்து, முதலாம் இராசராசனின் 16-ஆம் ஆண்டு வரையில் கல்வெட்டுக்களில் காணப்படுகிறார். அது 1001 என்று சொல்ல முடிவது எதனால்? சோழர் கல்வெட்டிலும் ஆட்சியாண்டே பெரும்பான்மை. ஆனால் நம் எழுத்தர்கள் ஆண்டோடு கிழமை, திதி, நட்சத்திரமும் எழுதினர். அம் மூன்றும் பொருந்தும் நாள் அரிது. பின்னோக்கிக் கணித்தால் அகப்படும். கீல்ஹார்ன் அவ்வாறு கணித்து இராசராசன் முடிசூடியது 985-ஆம் ஆண்டு சூன் பிற்பகுதிக்கும் சூலை பிற்பகுதிக்கும் இடையே என்று கண்டார். இக் கணிதத்தை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தவர் தமிழர். திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னைச் சட்டமன்றத் தலைவராக விளங்கிய அவர் 1922-இல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்கத் தொகுதிகள் இன்றும் கல்வெட்டாய்வார் மேசையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமையும் உரோகிணியும் சேர்ந்த நாளை நம் இல்லத்தரசியர் நாட்காட்டியில் தேடும் தேடலுக்கும் அவர் செய்ததற்கும் வேறுபாடு அளவில்தான், வகையில் இல்லை.

நகர்தனில் 2015 முதல் 2018 வரை நடந்த அகழ்வாய்வில் பிரபாவதியின் பெயரும் மேலே சங்கும் பொறித்த சிறு களிமண் முத்திரையொன்று கிடைத்தது; 2020-இல் செய்தி வெளியாயிற்று. செப்பேட்டில் மட்டும் கேட்ட பெயரை மண்ணே சொல்லிவிட்டது.

வரும் கார்த்திகையில் சங்கக் குடும்பங்கள் இராம்டேக் செல்வதாகச் செயலாளர் அறிவித்துள்ளார். எல்லோரும் இராமர் கோயிலுக்குப் படியேறுவர். ஏறும் வழியில் கேவல நரசிம்மர் கோயில் என்று ஒன்று உண்டு, கூட்டம் இராது. உள்ளே சுவரில் சிதைந்த கல்வெட்டொன்று இருக்கிறது. பாதிக்கு மேல் படிக்க இயலாது. படித்தவரையில் பிரபாவதிசுவாமி என்று அவள் பெயரால் எழுந்த திருமாலைக் குறிக்கிறது என்பர். தாய்க்காக மக்கள் எடுத்த கோயில் என்று கருதுவோர் உளர். குழந்தைகளை அங்கே சிறிது நேரம் நிறுத்திக் காட்டுங்கள். துவாதசியன்று போக முடிந்தால் அவள் தானம் செய்த அதே திதியாகவும் அமையும். புளியோதரைப் பொட்டலங்களை மட்டும் குரங்குகள் கண்ணிற் படாமல் வைத்துக் கொள்ளுங்கள்.